சனி, ஞாயிறு முட்டைக்கு எங்கே போவது?

சத்துணவு சாப்பிடும் பிள்ளைக்குத் தமிழகத்தில் வாரத்துக்கு ஐந்து முட்டை. தொடக்கப் பள்ளி என்றால், 2022இல் தொடங்கிய திட்டத்தால் காலையில் பொங்கலோ உப்புமாவோகூட உண்டு. வெள்ளி மதியம் தட்டைக் கழுவி வைத்தால், அடுத்த முட்டை திங்கள் மதியம்தான்.

இடைப்பட்ட நாட்களில் அந்த வீடுகளில் அடுப்பு எரியாமல் இல்லை. ரேஷன் அரிசி இருக்கிறது. சனிக்கிழமையும் கூலி வேலைக்குப் போகிற அம்மா விடியலிலேயே சோறு வடித்து வைத்துவிடுகிறார். பிள்ளை அதை ரசத்தோடோ ஊறுகாயோடோ சாப்பிட்டு முடிக்கிறது. வயிறு நிறைந்துவிடுகிறது, சத்துதான் சேரவில்லை. கொழுப்பைச் சேர்த்து வைப்பதுபோல் புரதத்தை உடல் சேர்த்து வைப்பதில்லை. வளரும் பிள்ளைக்கு அது அன்றாடம் வேண்டும். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பயறு, பருப்பில் அது தாராளம். பயறில் குறைவான மெத்தியோனினை அரிசி ஈடுகட்டிவிடும். ஆகவே இன்னொரு கரண்டி சோறு போடுவதைவிட, பக்கத்தில் ஒரு கரண்டி பயறு வைப்பது எவ்வளவோ மேல்.

வெள்ளி இரவு பச்சைப்பயறை ஊறப்போட்டு, சனி காலை நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் ஞாயிறு காலை முளை எட்டிப் பார்க்கும். இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் இப்படி ஊறி முளைக்கும்போது குறைகிறது. ஆவியில் வேகவைத்து, இறக்கியபின் எலுமிச்சை பிழிய வேண்டும். அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். கூடவே டீ கொடுத்தால் பட்ட பாடெல்லாம் வீண். டீயிலுள்ள டானின் இரும்பைத் தடுத்துவிடும். ஒரு மணி நேரமாவது கழித்துக் கொடுக்கலாம். சனிக்கிழமைக்கு வறுத்த வேர்க்கடலை இருக்கிறது. 30 கிராமில் ஏறத்தாழ ஒரு முட்டையளவு புரதம். பெரியவர்கள் வீட்டில் இல்லாதபோதும் பிள்ளை அடுப்புப் பக்கம் போகாமலே எடுத்துச் சாப்பிடலாம்.

ஆனால் பயறும் கடலையும் சும்மா வருவதில்லை. அம்மாக்களுக்குச் சத்துப் பாடம் நடத்துவதோடு நிறுத்திக்கொள்வது நியாயமும் இல்லை. அமெரிக்காவின் அர்கன்சாஸில், 1990களில், வயிற்றுவலி, தலைசுற்றல் என்று வந்த பிள்ளைகளுக்கு உண்மையில் பசிதான் என்பதை ஒரு பள்ளிச் செவிலியர் கண்டுகொண்டார். உணவு வங்கி ஒன்றிடம் உதவி கேட்டார். வார இறுதிக்கான உணவைப் பிள்ளைகளின் பையிலேயே வைத்தனுப்பும் வழக்கம் அப்படிப் பிறந்து நாடு முழுக்கப் பரவியது. நமக்கும் இது பழகாத வேலையல்ல: 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது சத்துணவுக்கான அரிசியும் பருப்பும் குடும்பங்களின் கைக்கே தரப்பட்டன. வெள்ளிதோறும் பிள்ளைக்கு 100 கிராம் பயறும் ஒரு பிடி கடலையும் பொட்டலம் கட்டித்தர, அமைப்பாளரும் சமையலரும் ஏற்கெனவே பள்ளியில் இருக்கிறார்கள். அரசு ஆணையும் அதற்கான பணமும்தான் வர வேண்டும்.