மீன்தொட்டிக்கு எந்தப் பசை?

கூடத்து மூலையில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்க்கும் ஆசை நமது பட்டணத்துக் குடும்பங்களில் நன்றாய் வேரூன்றிவிட்டது. சென்னைக் கொளத்தூரின் மீன் கடைகளில் குழந்தைகளும் அவர்களைவிட ஆவலோடு பெரியவர்களும் கூடி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை நாம் விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. இந்த ஆசை சற்று முற்றியவர்கள் அடுத்தபடியாகச் செய்ய விரும்புவது 'சம்ப்' ஒன்றை அமைப்பதாகும். சம்ப் என்றதும் சென்னைவாசிகளுக்குக் குழாய் ஜலம் வந்து நிரம்பும் நிலத்தடித் தொட்டியே ஞாபகம் வரும். நாம் சொல்வது அதற்குத் தம்பி முறை. பெரிய மீன்தொட்டியின் கீழே, மேஜைக்குள் மறைந்திருக்கும் இன்னொரு தொட்டி அது. மேலிருந்து வழியும் ஜலம் குழாய் வழியே இதில் இறங்கி, பஞ்சு முதலிய வடிகட்டிகளைக் கடந்து, சிறு மோட்டாரின் உதவியால் மறுபடியும் மேலே ஏறுகிறது. இடையிடையே கண்ணாடித் தடுப்புகளை நிறுத்தி அதை அறைகளாகப் பிரித்திருப்பார்கள்.

இதைக் கையாலேயே செய்துவிடலாம். செய்யவும் வேண்டும் என்பது நம் கட்சி. நல்ல கண்ணாடித் தொட்டி ஒன்றும், அளவாக அறுத்து ஓரம் தேய்த்த நாலைந்து கண்ணாடித் துண்டுகளும் இருந்தால் போதும். ஆனால் அவற்றை ஒட்டும் பசையில்தான் ஆபத்து பதுங்கியிருக்கிறது.

முற்காலத்தில் இந்தச் சங்கடம் வேறு ரூபத்தில் இருந்தது. இரும்புச் சட்டத்தில் கண்ணாடிகளைப் பொருத்தி, எண்ணெயில் பிசைந்த மக்கை இடுக்குகளில் அப்பித் தொட்டி செய்தார்கள். சட்டம் துருப்பிடிக்கும், மக்கு காய்ந்து வெடிக்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சிலிகோன் ரப்பர் பரவிய பிறகே சட்டமில்லாத முழுக் கண்ணாடித் தொட்டி சாத்தியமாயிற்று. சிலிகோனின் முதுகெலும்பு சிலிகனும் பிராணவாயுவும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. கண்ணாடியும் அதே இரண்டின் சேர்க்கையால் ஆனது. ஆகையால் இவ்விரண்டும் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்வதில் வியப்பில்லை.

ஹார்ட்வேர் கடைக்குப் போய்க் கேளுங்கள். ஒரே மாதிரியான குழல்களை வரிசையாக அடுக்கிவைத்து, "எல்லாம் சிலிகோன்தான் சார், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் குளியலறைக்கென்று விற்கும் குழல்களில் பெரும்பாலும் சிலிகோனோடு பூஞ்சைக் கொல்லி மருந்தும் கலந்திருக்கும். ஈரச் சுவரில் கறுப்புப் புள்ளிகள் படராதிருப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். குளிக்கிற மனிதனுக்கு அது உபகாரமே. தொட்டியில் வாழும் ஜீவனின் கதி வேறு. இம்மருந்துகளில் சில, கப்பலின் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாதிருக்கப் பூசும் வர்ணங்களிலும் சேர்க்கப்படுபவை. பாஷாணச் சத்து உள்ள ஒரு மருந்தும் இத்தகைய பசைகளில் வெகுகாலம் பயன்பட்டிருக்கிறது. மருந்தின் வேலையே மெல்ல மெல்லக் கசிந்து மேற்பரப்பைக் காப்பதுதான். ஆற்றிலானால் ஓடுகிற ஜலம் அதைக் கொண்டுபோய்விடும். நமது தொட்டியிலோ அதே ஜலம் இரவும் பகலும் அந்தப் பசையை உரசிக்கொண்டே சுற்றி வருகிறது. மீனுக்கு மட்டுமல்ல, கழிவைச் செரித்து ஜலத்தைத் தெளிவாக்கும் நுண்ணுயிர்களுக்கும் அது பகை.

எனவே குழலில் பெரிதாக அச்சிட்டிருக்கும் '100% சிலிகோன்' என்ற வாசகத்தை மட்டும் நம்பிவிடலாகாது. மருந்து கலந்ததற்கும் அந்தப் பட்டம் உண்டு. 'ஆன்டி ஃபங்கல்', 'மில்ட்யூ ரெசிஸ்டன்ட்', 'சானிட்டரி' என்ற சொற்களில் எது கண்ணில் பட்டாலும் குழலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 'அக்வேரியம்' என்று தயாரிப்பாளரே எழுதியிருப்பது உத்தமம். பெயர் அந்நியமா சுதேசியா என்பதில் பாதுகாப்பு இல்லை. ஒரே கம்பெனியே இரண்டு வகையையும் ஒரே சாயலுள்ள குழல்களில் விற்பதுண்டு.

பிதுக்கினால் காடியின் புளிப்பு நெடி அடிக்கும் வகை ஒன்று. நெடி அவ்வளவு இல்லாத 'நியூட்ரல்' வகை மற்றொன்று. முன்னதில் உலரும்போது அசெட்டிக் அமிலம் வெளியேறுகிறது. கண்ணாடித் தொட்டிகளுக்கு வழக்கமாய்ப் பயன்படுவது இதுவே. நெடி அடிப்பதால் விஷம் என்றோ, அடிக்காததால் நல்லது என்றோ எண்ணுவது பிசகு. பூரணமாய் உலர்ந்த பின் நெடியும் போய்விடும், அமிலமும் போய்விடும். அவசரப்பட்டு ஜலத்தை விட்டால்தான் அமிலம் அதில் கரைந்து மீனை வருத்தும்.

அக்ரிலிக் பசைகளைத் தொடவே வேண்டாம். அவை சதா ஜலத்தில் மூழ்கிக் கிடப்பதற்கு ஏற்றவை அல்ல. செலவைக் குறைக்கப் பிளாஸ்டிக் தொட்டியில் கண்ணாடித் தடுப்பு வைக்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பாலிதீன் வகைப் பிளாஸ்டிக்கில் சிலிகோன் பிடிப்பதேயில்லை. இன்று ஒட்டினாற்போல் தோன்றி நாளை உரிந்து வரும்.

குழலின் காலாவதித் தேதியையும் பாருங்கள். பழைய பசை எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பாகவே இருந்துவிடும். முதலில் ஒரு துண்டுக் கண்ணாடியில் சிறிது பிதுக்கி இரண்டொரு நாள் கழித்து இழுத்துப் பாருங்கள். ரப்பரைப்போல் நீண்டு கண்ணாடியை விடாமல் பற்றினால் நல்லது. ஒட்டும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப் பசையை நீக்க வேண்டும். பழைய சிலிகோன் மீது புதியது சரியாகப் பிடிக்காது. பிளேடினால் அடியோடு சுரண்டி எடுங்கள்.

சிலிகோன் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே இறுகுகிறது. மேல்தோல் சில நிமிஷங்களிலேயே படிந்துவிடும். உள்ளே இறுகுவதோ நாள் ஒன்றுக்குச் சுமார் 2 அல்லது 3 மில்லிமீட்டர்தான். கனமாகப் பூசியிருந்தால் ஒரு வாரம் பொறுப்பதே விவேகம். பிறகு மீன் விடாமல், வாசலிலோ மாடியிலோ தொட்டியை நிரப்பி இரண்டு நாள் கசிவு பாருங்கள். 60 சென்டிமீட்டர் நீளமும் 30 அகலமும் 30 உயரமும் உள்ள சிறு தொட்டியே 54 லிட்டர் பிடிக்கும். கூடத்தில் உடைந்தால் பாய் முதல் பீரோ வரை நனையும். அந்த ஜலத்தைக் கொட்டிவிட்டு மறுபடி புதிதாய் நிரப்புங்கள். விஷமுண்டா என்று பார்க்க மலிவான மீன் ஒன்றை முதலில் விட்டுப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது நமக்குச் சம்மதமில்லை.

பசை சரியாக அமைந்த பின்னும் ஒரு காரியம் பாக்கி. மின்சாரம் நின்றால் மோட்டாரும் நின்றுவிடும். மேல்தொட்டியில் வழிவாய்க்கு மேலேயுள்ள ஜலமும் குழாய்களில் உள்ள ஜலமும் கீழே இறங்கும். ஒருமுறை மோட்டாரை வேண்டுமென்றே நிறுத்தி, கீழ்த்தொட்டியில் ஜலம் எவ்வளவு ஏறுகிறதென்று அளந்து, அந்த அளவு காலியிடம் விட்டு, அதற்குமேல் நிரப்பக்கூடாதென்று கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒரு கோடு போட்டுவிட்டே மீன்களை விடலாம்.