மின்சாரமும் இன்சொல்லும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் சாலையில் கோடை நாளில் பிரயாணம் செய்தவர்களுக்கு அந்தப் பூமியின் சுபாவம் தெரியும். வெடித்துக் கிடக்கும் கரிசல். நீர் வற்றிய கண்மாய். கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக் கருவேலம். வானம் பார்த்த அந்தச் சீமையில் உழாமல் விதைப்பவருமில்லை. உழுதுவிட்டு விதைக்க மறப்பவருமில்லை. மனச்சோர்வு நோய்க்கு மின்சாரமா, பேச்சா, இரண்டும் சேர்ந்தா என்று உலக வைத்தியர்கள் இன்று செய்துவரும் விசாரமும் ஏறக்குறைய இத்தகையதே.

1879-ஆம் வருஷம் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷியின் மௌனம் உலகப் பிரசித்தமானது. ஆனால், தறியில் கை ஓடாமல், பசியும் உறக்கமும் இழந்து, வாரக் கணக்கில் வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மௌனம் ஞானமன்று, சோம்பலுமன்று. அது நோய், உயிரையே மாய்த்துக்கொள்ளத் தூண்டக்கூடிய நோய். இதை அறியாமல் கோடாங்கியைத் தேடி அலையும் குடும்பங்கள் இன்னும் உண்டு. மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்ததன் பலனை, கிழக்கே ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ந் தேதி கண்டோம். விடுதி தீப்பற்றியபோது ஓட வழியின்றி 28 பேர் மாண்டனர்.

மூளைக்கு மின்சாரம் என்றதும் சினிமாவில் கண்ட பயங்கரம் நினைவுக்கு வரலாம். 1938-ல் ரோமாபுரியில் செர்லெட்டி, பினி என்ற இரு வைத்தியர்கள் தொடங்கிய சிகிச்சை அது. மயக்க மருந்தும் தசைகளைத் தளர்த்தும் மருந்துமின்றி அதைச் செய்யலாகாதென்று நமது தேசத்தின் 2017-ஆம் வருஷத்துச் சட்டம் விதித்திருக்கிறது. பின்னர் வந்த காந்தத் துடிப்பு முறைக்கோ மயக்கமே வேண்டியதில்லை. 1985-ல் இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் அதைச் செய்து காட்டினர். தலையின்மேல் வைக்கும் கம்பிச் சுருளிலிருந்து எழும் காந்தத் துடிப்பு, மூளையின் மேற்பரப்பில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. மருந்துக்கு இணங்காத மனச்சோர்வுக்கு அமெரிக்க அரசாங்கம் 2008-ல் இதை அனுமதித்தது.

இத்துடன் பேச்சுச் சிகிச்சையும் சேர்ந்தால்? ஹாலந்தில் 196 நோயாளிகளுக்கு இரண்டையும் ஒரே வேளையில் அளித்துப் பார்த்து 2018-ல் பலனை வெளியிட்டனர். நூற்றுக்கு 66 பேருக்கு நோயின் கடுமை பாதியாகவோ அதற்கும் கீழோ குறைந்தது. 56 பேர் அநேகமாக நோய் நீங்கப் பெற்றனர். ஆனால் ஒத்துப் பார்க்க வேறொரு கூட்டம் அங்கே இல்லை. ஜெர்மனியில் 148 பேரிடம் மெல்லிய நேர் மின்னோட்டத்தைப் பேச்சுடன் சேர்த்துச் சோதித்தபோது, பேச்சு மட்டும் பெற்றவர்களைவிட அதிக நன்மை காணப்படவில்லை என்று 2022-ல் அறிவித்தனர். ஆகவே, இரண்டும் சேர்ந்தால் நிச்சயம் இரட்டிப்புப் பலன் என்று நாம் பறைசாற்றுவதற்கில்லை. இயந்திரம் வந்ததனால் பேச்சுக்கு வேலையில்லாமற் போகவில்லை என்பது மட்டும் தெளிவு.

காந்தச் சிகிச்சைக்கு வாரம் ஐந்து நாள், நாலைந்து வாரம் செல்லவேண்டும். திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரி நாள்தோறும் பஸ் ஏறிப் பெருநகருக்குப் போனால் கூலியும் போய்விடும். பேச்சுக்கோ அவ்வளவு தூரம் வேண்டியதில்லை. இதற்குச் சாட்சி நமது தேசத்திலேயே இருக்கிறது. கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனோவைத்தியப் பட்டமில்லாத உள்ளூர்வாசிகளையே பழக்கி, கடும் மனச்சோர்வுற்றவர்களுடன் ஆறு முதல் எட்டுத் தடவை முறையாகப் பேசச் செய்தனர். 495 பேர் சேர்ந்த இச்சோதனையின் முடிவு 2017-ல் வெளியாயிற்று. மூன்று மாதத்தில், பேச்சுச் சிகிச்சையும் பெற்றவர்களில் நூற்றுக்கு 64 பேர் தேறினர். வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களில் 39 பேர்.

எனவே நேயர்களே, வீட்டில் ஒருவர் வாடினால் வைத்தியரை நாடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம். 2022 முதல் நடந்துவரும் அரசாங்க ஏற்பாடு அது. இயந்திரத்தை ஜில்லாவுக்கும், பேசத் தெரிந்தவரைக் கிராமத்துக்கும் கொண்டுவருவது சர்க்காரின் கடமை. ஏர் வரும் வரையில் விதையை வீணாக்காமல் காப்பது நம் கடமை. வாடியவரின் அருகில் அமர்ந்து, அவர் சொல்வதை முகஞ்சுளிக்காமல் கேட்பதிலிருந்து அது தொடங்குகிறது.