கரிமண்ணுக்கு மாற்று உண்டா?

கடையில் வாங்கிய பூஞ்செடியைத் தொட்டியிலிருந்து மெல்ல எடுத்துப் பார்த்தால், வேரைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் இலேசான மண் போன்ற ஒன்று ஒட்டியிருக்கும். பல வேளைகளில் அது தோட்டத்து மண்ணன்று; வட ஐரோப்பாவிலோ கனடாவிலோ உள்ள சதுப்பு நிலத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட கரிமண் ஆகும். இதனைப் ‘பீட்’ என்றும் கூறுவர்.

நீர் தேங்கிய சதுப்பு நிலத்தில் உயிர்வளி மிகக் குறைவு. அதனால், அங்கு மடியும் பாசிகளும் செடிகளும் முழுமையாக மட்குவதில்லை. அவை அடுக்கடுக்காகப் படிந்து கரிமண்ணாக மாறுகின்றன. ஓராண்டில் சேர்வது ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் மட்டுமே. எனவே, 1 மீட்டர் ஆழத்திற்கு வெட்டி எடுத்தால், ஏறத்தாழ 1000 ஆண்டுச் சேமிப்பு கரைந்துவிடுகிறது.

நாற்று வளர்ப்போர் கரிமண்ணை விரும்புவதற்குத் தக்க காரணங்கள் உள்ளன. அது எடை குறைந்தது. தன் எடையைவிடப் பல மடங்கு நீரைப் பிடித்து வைப்பது. வேருக்குக் காற்றும் கிடைக்கச் செய்வது. அதில் களை விதைகள் குறைவு. ஊட்டச்சத்தும் குறைவு என்பதால், பயிருக்கு ஏற்ற உரத்தை அளந்து இடலாம். மேலும், அதன் தரம் மூட்டைக்கு மூட்டை பெரிதும் மாறுவதில்லை. இலட்சக்கணக்கில் நாற்றுகளை வளர்ப்பவருக்கு இது பெரும் நன்மையாகும்.

ஆயினும், கரிமண்ணை வெட்டும் முன் சதுப்பு நிலத்தின் நீரை வடிக்க வேண்டும். அப்போது உயிர்வளி உட்புகுவதால், நெடுங்காலம் அடைபட்டிருந்த கரிமம் கரிவளியாக வெளியேறுகிறது. கரிமண் நிலங்கள் உலக நிலப்பரப்பில் ஏறக்குறைய 3 விழுக்காடுதான். எனினும், உலகக் காடுகளின் மரஞ்செடிகள் அனைத்திலும் உள்ளதைவிட அதிகமான கரிமம் அவற்றில் அடங்கியுள்ளது. நீர் வடிந்த கரிமண் எளிதில் தீப்பற்றவும் செய்யும். 1997, 2015 ஆம் ஆண்டுகளில் இந்தோனேசியாவின் கரிமண் நிலங்களில் பரவிய தீயால் மலேசியாவும் சிங்கப்பூரும் கடும் புகைமூட்டத்தில் தவித்தன.

இதனால், தோட்டக்கலைத் துறையினர் மாற்றுப் பொருள்களைத் தேடுகின்றனர். அவற்றுள் முதன்மையானது தேங்காய் நார்த்தூள். மட்டையிலிருந்து நாரைப் பிரித்த பின் எஞ்சும் இத்தூள், முன்பு ஆலைகளின் அருகே கழிவாகக் குவிந்து கிடந்தது. இன்று தமிழ்நாட்டின் பொள்ளாச்சிப் பகுதியிலும் இலங்கையிலும் அதனைக் கட்டிகளாக அழுத்தி ஏற்றுமதி செய்கின்றனர். மலேசியாவிலும் மிளகாய், தக்காளி பயிரிடுவோர் நார்த்தூள் நிரப்பிய பைகளில் செடிகளை நட்டு, உரம் கலந்த நீரைச் சொட்டுக் குழாய்வழிப் பாய்ச்சுகின்றனர்.

நார்த்தூளிலும் குறை உண்டு. அதிலுள்ள உப்பை நன்னீரால் கழுவி நீக்க வேண்டும். இதற்கு நீர் மிகுதியாகச் செலவாகும். கழுவிய நீரை முறையாகச் சுத்திகரிக்காவிட்டால் நிலத்தடி நீர் கெடும். மற்றொரு மாற்றான மரநார் எடை குறைந்தது. ஆனால், அது மட்கும்போது தழைச்சத்து குறைவதால் கூடுதல் உரம் தேவைப்படும். மட்கு உரம் சத்து மிக்கது. எனினும், கனமானது, தரமும் ஒரே சீராக இராது. எனவே, இவற்றை வெவ்வேறு அளவில் கலந்து பயன்படுத்துகின்றனர்.

கலவை மாறும்போது பழக்கமும் மாற வேண்டும். நார்த்தூள் மேலே காய்ந்து தோன்றினாலும், உள்ளே ஈரமாக இருக்கும். கரிமண்ணுக்குப் பழகியவர் மேற்பரப்பைப் பார்த்து மீண்டும் நீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும். ஒரு பருவத்து நாற்று பாழானால், அந்தப் பருவத்து வருமானமும் போய்விடும். ஆகவே, அனுபவமிக்க விவசாயிகள் முதலில் சில தட்டுகளில் மட்டும் புதிய கலவையைச் சோதித்துப் பார்க்கின்றனர். விரலால் தோண்டி ஈரத்தை அறிந்த பின்னரே நீர் விடுகின்றனர். ஆயிரம் ஆண்டுச் சேமிப்பைக் காக்கும் முயற்சி, இத்தகைய சிறிய கவனத்திலிருந்துதான் தொடங்குகிறது.