முற்றுகையை உடைக்கப் போன ஜுல்னார்

பாரசீக வளைகுடாவின் வடக்கு முனையைத் தாண்டினால் பாஸ்ரா. அங்கிருந்து டைகிரிஸ் ஆற்றில் மேலேறிப் போனால் கூத். முதல் உலகப் போரின்போது, 1915 டிசம்பரில், பிரிட்டிஷ் படையொன்று அந்த ஊரில் துருக்கியரின் முற்றுகையில் சிக்கியது. படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். சித்திரை பிறந்தபோது பெரும்பாலும் குதிரை இறைச்சிதான் மிச்சம்; அதைத் தொட மனம் ஒப்பாமல் எலும்பும் தோலுமானவர்கள் பலர். விமானத்திலிருந்து உணவு மூட்டைகளைப் போட்டார்கள். போதவில்லை.

கடைசி நம்பிக்கை ஜுல்னார். லிஞ்ச் கம்பெனியின் நீராவிக் கப்பல் அது. இரும்புத் தகடு போர்த்தி, 270 டன் உணவும் பொருளும் ஏற்றி, 1916 ஏப்ரல் 24 இரவில் அனுப்பினார்கள். தலைமை லெப்டினன்ட் ஃபர்மன். ஆற்றின் நெளிவுசுளிவு அறிந்த துணை, பாக்தாத்தில் பிறந்த சார்லஸ் கௌலி. மலைப்பனி உருகி ஆறு பெருக்கெடுக்கும் பருவம். எதிரே வெள்ளம், வயிற்றில் பாரம். வேகம் எப்படி வரும்? கரையிலிருந்து பொழிந்த குண்டில் ஃபர்மன் இறந்தார். மகாசிஸ் அருகே, ஆற்றுக்குக் குறுக்கே கட்டியிருந்த இரும்பு வடம் கப்பலை மடக்கியது. பிடிபட்ட கௌலி உயிரோடு திரும்பவில்லை. ஐந்தாம் நாள் சுமார் 13,000 பேர் சரணடைந்தார்கள். அந்தப் பட்டினியை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

துருக்கியர் ஜுல்னாரை உடைத்துப்போடவில்லை. ‘தானாக வந்தது’ என்று பொருள்படும் கெண்டி கெலென் என்ற பெயரைச் சூட்டித் தங்கள் கப்பலாக்கிக்கொண்டார்கள். சாலையும் ரயிலும் போதாத அந்தப் பகுதியில் அன்று ஆறுதான் பெருவழி. அதில் மணல்திட்டுகள் ஏராளம். ஆழமில்லாத நீரில் மிதக்கும் கப்பல் கிடைப்பது அரிதாக இருந்தது.

அப்படிப்பட்ட கப்பலை ஓட்டுவதிலேயே ஒரு நுட்பம் உண்டு. அதே ஆற்றில் ஓடிய ஃபயர்ஃபிளை என்ற பீரங்கிப் படகைப் பாருங்கள். யாரோ (Yarrow) என்ற கம்பெனி பிரிட்டனில் பகுதி பகுதியாகச் செய்து அனுப்ப, அபாதானில் பூட்டினார்கள். நீருக்குள் அமிழ்வது சுமார் இரண்டடிதான். அவ்வளவு ஆழத்தில் பெரிய புரொப்பல்லர் முழுக்க மூழ்காது. அதனால் அடிப்பகுதியைக் கவிழ்த்த வாய்க்கால் போல மேல்நோக்கிக் குடைந்து, புரொப்பல்லரை அதற்குள் பொருத்தினார்கள். சுழலத் தொடங்கியதும் உள்ளிருக்கும் காற்று வெளியேறும். ஆற்று மட்டத்துக்கு மேலும் நீர் ஏறிக் குடைவை நிரப்பும். புரொப்பல்லர் முழு பலத்தோடு தள்ளும்.

1915 டிசம்பர் 1 அன்று கொதிகலனில் குண்டு பாய்ந்து ஃபயர்ஃபிளையும் துருக்கியர் கைக்குப் போனது. சல்மான் பாக் என்ற பெயரில் ஓடியது. 1917 பிப்ரவரி 26 அன்று பிரிட்டிஷ் கடற்படை துரத்திப் பிடித்து மீட்டது. அடுத்த மாதமே பாக்தாத் விழுந்தது.