மோட்டார் ஓடுது... ஆனா தண்ணி வரல! சோலார் பம்ப்செட்டில் என்னதான் சிக்கல்?

காலை 8 மணி. கண்ட்ரோலர் பெட்டியில் லைட் எரிகிறது, மோட்டார் ஓடுவதாகக் காட்டுகிறது. ஆனால் குழாயில் ஒரு சொட்டு தண்ணி இல்லை. பேனல் போச்சா, மோட்டார் போச்சா? பெரும்பாலும் ரெண்டுமே இல்லை. விஷயம் கணக்கில் இருக்கிறது.

1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் மின் மோட்டார் செய்து காட்டிய ஊர் கோவை. சிங்காநல்லூர், பீளமேடு, கணபதி பக்கம் பம்ப், மோட்டார் வேலை செய்யும் பட்டறைகள் ஏராளம். ஆனால் கரண்ட் மோட்டாருக்கு வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் வேகமும் ஏறக்குறைய ஒரே சீர். வெயில் அப்படி இல்லையே!

வேகம் குறைந்தால் என்ன ஆகும்?

வழக்கமான போர்வெல் பம்பில் வேகம் 80 சதவீதமாகக் குறைந்தால், தண்ணியைத் தள்ளும் உயரம் 64 சதவீதமாகிவிடும். அதாவது, முழு வேகத்தில் அதிகபட்சம் 400 அடி தள்ளும் பம்ப், அப்போது 256 அடிதான் தள்ளும். உங்கள் போர்வெல்லில் தண்ணி 300 அடியில் இருந்தால்? மோட்டார் சுத்தும், தண்ணி மேலே வராது. சுமார் 87 சதவீத வேகத்தைத் தாண்டினால்தான் குழாய் நனையும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வந்து மூடும் ஆனி, ஆடியில் இந்தப் புலம்பல் அதிகம் வருவதற்குக் காரணம் இதுதான்.

தண்ணி ஏறாமல் சும்மா சுத்துவது மோட்டாருக்கும் கேடு. உள்ளே இருக்கும் தண்ணி சூடாகும், பேரிங் தேயும். அதனால் 'டிரை ரன்' பாதுகாப்பு உள்ள கண்ட்ரோலர் கட்டாயம்.

ஆழம் அதிகம், தண்ணி கம்மி என்றால் 'ஹெலிகல் ரோட்டர்' பம்ப் ஒரு வழி. திருகு மாதிரி தண்ணியைத் தள்ளும் இதில், வேகம் குறைந்தால் தண்ணியின் அளவுதான் குறையும், ஏறும் உயரம் பெரிதாகக் குறையாது.

தென்னை மட்டை செய்யும் வேலை

கொங்கு தோட்டத்துக்கே உரிய வில்லன் இது. பேனலில் செல்கள் வரிசையாகக் கோர்க்கப்பட்டிருக்கும். ஒரு செல் மீது நிழல் விழுந்தாலே அந்த வரிசை மொத்தமும் மந்தமாகும். 'பைபாஸ் டயோடு' அந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டு மற்றதை ஓட வைக்கும். வழக்கமாக ஒரு பேனலுக்கு 3 டயோடு, எனவே சின்ன நிழலுக்கே மூணில் ஒரு பங்கு காலி! இப்போது வரும் 'ஹாஃப் கட்' பேனலில் மேல் பாதியும் கீழ் பாதியும் தனித்தனியாக இயங்குவதால் இழப்பு குறைவு. இருந்தாலும், எந்தத் தொழில்நுட்பத்தையும் விட இடத்தை மாற்றுவதே மலிவு.

சூடும் எதிரிதான். செல் 25 டிகிரியைத் தாண்டினால், ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். பேனலுக்கு அடியில் காத்து போக வழி வேண்டும். தூசியைக் கழுவுவதானால் விடியற்காலையில் கழுவுங்கள். உச்சி வெயிலில் பச்சைத் தண்ணி ஊத்தினால் கண்ணாடி விரிசல் விடலாம்.

பணம் கட்டும் முன்...

2019-ல் தொடங்கிய பிஎம் குசும் திட்டத்தில், தமிழ்நாட்டில் வேளாண் பொறியியல் துறை மூலம் 60 சதவீத மானியம் உண்டு. மீதி விவசாயி பாக்கெட்டிலிருந்துதான். எத்தனை ஹெச்.பி. என்று மட்டும் கேட்டு முடித்துவிடாதீர்கள். கோடையில் தண்ணி மட்டம் எத்தனை அடிக்கு இறங்கும் என்று கயிறு விட்டு அளந்து, அந்த அளவைச் சொல்லி பம்ப் கேளுங்கள். மழைக்காலத்து மட்டத்தைச் சொல்லி வாங்கினால், சித்திரை மாசம் வெயில் கொளுத்தும்போதும் குழாய் காய்ந்தே கிடக்கும்.