‘இல்லை’ என்று நிரூபிக்க எத்தனை வரி வேண்டும்?

ஒரு சுடோகு புதிருக்கு விடை இருக்கிறதா என்று கம்ப்யூட்டரைக் கேட்கிறீர்கள். ‘இருக்கிறது’ என்றால் நிரப்பிய கட்டத்தைக் காட்டிவிடும். அதைச் சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். ‘இல்லை’ என்று சொன்னால் எப்படி நம்புவது? ஏன் விடை இருக்க முடியாது என்பதற்கு ஒரு நிரூபணம் வேண்டும். அந்த நிரூபணம் எவ்வளவு நீளும் என்று ஆராயும் துறைக்கு ‘ப்ரூஃப் காம்ப்ளெக்சிட்டி’ என்று பெயர்.

200 டெராபைட் நிரூபணம்

1 முதல் 7824 வரையுள்ள எண்களுக்குச் சிவப்பு, நீலம் என இரண்டு வண்ணங்கள் பூச வேண்டும். 3, 4, 5 போல, இரண்டு எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் மூன்றாவதன் வர்க்கம் வரும் மூன்று எண்களுக்கும் ஒரே வண்ணம் அமையக்கூடாது. இது முடியும். வண்ணப் பட்டியலைக் காட்டினாலே போதும். ஆனால் 7825 வரை போனால் முடியாது! 2016-இல் மூன்று ஆய்வாளர்கள் சூப்பர் கம்ப்யூட்டரில் இதை நிரூபித்தார்கள். நிரூபண ஃபைலின் அளவு சுமார் 200 டெராபைட்.

பெட்டியும் சிற்பமும்

சேலம் மாவட்டம் தம்மம்பட்டி மரச்சிற்பங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே 11 சிற்பங்களை, பெட்டிக்கு ஒன்று வீதம் 10 பெட்டிகளில் அடைக்க முடியுமா? எண்ணத் தெரிந்த எவரும் முடியாது என்று உடனே சொல்லிவிடுவார்கள்.

இதையே ‘ஆம், இல்லை’ வாக்கியங்களாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துப் பாருங்கள். ‘இந்தச் சிற்பம் ஏதாவது ஒரு பெட்டியில் இருக்கும்’ என்று 11 வாக்கியங்கள். ‘இந்த இரண்டும் ஒரே பெட்டியில் இருக்காது’ என்று 550 வாக்கியங்கள். மொத்தம் 561.

இத்தகைய கேள்விகளைத் தீர்க்கும் புரோகிராம்களுக்கு ‘சாட் சால்வர்’ என்று பெயர். பெரும்பாலானவற்றின் அடிப்படை ‘ரெசல்யூஷன்’ என்ற விதி. ‘சிற்பம் முதல் பெட்டியிலோ இரண்டாம் பெட்டியிலோ இருக்கிறது’, ‘முதல் பெட்டியில் இல்லை’ என்ற இரண்டிலிருந்து ‘இரண்டாம் பெட்டியில் இருக்கிறது’ என்று பெறுவதுதான் அது. இப்படியே போய் முரண்பாட்டை எட்டினால் ‘முடியாது’ என்று பொருள்.

இந்த விதியை மட்டும் வைத்துக்கொண்டால், பெட்டிகள் கூடக் கூட நிரூபணம் அடுக்குமுறையில் பெருகும் என்று 1985-இல் ஆர்மின் ஹேக்கன் நிரூபித்தார். எவ்வளவு வேகமான பிராசசர் வாங்கினாலும் இந்தக் குறை தீராது. விதியை மாற்றினால் தீரும்: புதிய சுருக்கப் பெயர்களை இடையில் சேர்க்க அனுமதித்தால் நிரூபணம் சிறியதாகிவிடும் என்று ஸ்டீபன் குக் 1976-இல் காட்டியிருந்தார்.

பத்து லட்சம் டாலர் கேள்வி

அப்படியானால் எல்லா உண்மைகளுக்கும் சிறிய நிரூபணம் தரும் ஒரு விதிமுறை உண்டா? இல்லை என்று காட்டிவிட்டால், எளிதில் சரிபார்க்கக்கூடியது எல்லாம் எளிதில் தீர்க்கக்கூடியது அல்ல என்பதும் உறுதியாகிவிடும். குக்கும் ராபர்ட் ரெக்கோவும் 1979-இல் வெளியிட்ட கட்டுரை இந்தத் தொடர்பை விளக்கியது. ‘பி, என்பி’ எனப்படும் இந்தக் கேள்விக்கு 2000-இல் க்ளே கணித நிறுவனம் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. இன்னும் யாரும் பெறவில்லை.

சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும் இத்துறையில் ஆய்வு நடக்கிறது. ‘எதிராளி எந்தக் காயை நகர்த்தினாலும் எனக்கு ஒரு பதில் நகர்வு உண்டா?’ என்ற செஸ் கேள்வி போன்றவற்றுக்கு நிரூபணம் எப்படி அமையும் என்பது அதில் ஒன்று. சாதாரண ரெசல்யூஷனில் நிரூபணம் சிறியது என்றால், நீண்ட வாக்கியங்கள் இல்லாமலும் அதை எழுதிவிடலாம். செஸ் வகைக் கேள்விகளில் இந்த நம்பிக்கை பொய்த்துவிடுகிறது என்று மீனா மகாஜனும் சக ஆய்வாளர்களும் 2016-இல் காட்டினார்கள்.

நமக்கு என்ன பயன்?

1994-இல் பென்டியம் சிப்பில் வகுத்தல் பிழை வெளிப்பட்டபோது இன்டெல் 47.5 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. ‘இந்தச் சர்க்யூட்டில் பிழை இல்லை’ என்பதும் ஒரு ‘இல்லை’தான். இன்று சிப் வடிவமைப்புகளைச் சோதிக்க சாட் சால்வர்கள் பயன்படுகின்றன. சால்வரிலேயே பிழை இருந்தால்? அதற்காகத்தான் அது வெறும் ‘இல்லை’ சொன்னால் போதாது, நிரூபண ஃபைலையும் தர வேண்டும் என்கிறார்கள். அதை வேறொரு சிறிய புரோகிராம் வரிவரியாகச் சரிபார்க்கும். நிரூபணம் சிறியதாக இருந்தால்தான் அந்த வேலை சீக்கிரம் முடியும்.