சேவைக்கும் சக்கரம் வேண்டும்

மேல்சித்தாமூரில் வாழும் ஒருவர் சென்னைக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேருந்தில் திண்டிவனம் வந்து, அங்கே இரயில் ஏறுகிறார். சீட்டுக்குக் கொடுத்த பணத்திற்கு எந்தப் பொருளும் அவர் கைக்கு வருவதில்லை. ஊர்போய்ச் சேர்கிறார், அவ்வளவே. இத்தகைய பணியைப் பொருளியலார் 'சேவை' என்பர். வங்கி, கல்வி, மருத்துவம், கணிப்பொறி மென்பொருள் ஆகியனவும் சேவைகளே. இன்று இந்தியப் பொருளாதாரத்தின் மதிப்பில் பாதிக்கு மேல் சேவைகளிலிருந்து வருகிறது. ஆலைத் தொழிலின் பங்கு ஏறத்தாழ ஆறில் ஒன்றுதான்.

அப்படியானால் ஆலைகளுக்கு முக்கியத்துவம் குறைந்துவிட்டதா? இரயிலையே எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

2023 செப்டம்பர் முதல் சென்னை எழும்பூர்–திருநெல்வேலி வந்தே பாரத் வண்டி திண்டிவனம் வழியே ஓடுகிறது. இவ்வகை வண்டி, எஞ்சின் இழுக்கும் வண்டியைவிட விரைவில் வேகம் பிடிக்கும். ஏன்? சக்கரத்திற்கும் தண்டவாளத்திற்கும் இடையேயுள்ள உராய்வே வண்டியை முன்னே செலுத்துகிறது. அந்த உராய்வு, மோட்டார் சுழற்றும் சக்கரங்களின் மேல் அமரும் எடையைப் பொறுத்தது. 1,000 டன் வண்டியில் எஞ்சின் 120 டன் என்றால், எட்டில் ஒரு பங்கு எடைகூட இழுவைக்குப் பயன்படுவதில்லை. வந்தே பாரத்திலோ பாதிப் பெட்டிகளின் அடியில் மோட்டார்கள் உள்ளன. எனவே ஏறத்தாழப் பாதி எடை இழுவைக்கு உதவுகிறது. பயண நேரம் குறைவதற்கு அட்டவணையை மாற்றி எழுதினால் மட்டும் போதாது. வண்டியையே மாற்றிச் செய்ய வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

சரி, வண்டியைப் பிற நாட்டிலிருந்து வாங்கிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். 2022-இல் நடந்ததைப் பாருங்கள். இவ்வண்டிகளுக்கான சக்கரங்களை உக்ரைன் நாட்டிலிருந்து வாங்க ஏற்பாடாகியிருந்தது. அங்கே போர் மூண்டது. முதலில் வரவேண்டிய சக்கரங்களை லாரியில் ருமேனியாவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து விமானத்தில் ஏற்றிவர நேர்ந்தது! பெட்டி, மோட்டார், பணம், பயணிகள் யாவும் இருந்தும், சக்கரம் இன்றி வண்டி நகருமா?

இன்னொரு காரணமும் உண்டு. பெட்டி செய்யும்போது மெல்லிய எஃகுத் தகடுகளைப் பற்றவைக்கின்றனர். சூட்டில் தகடு விரிகிறது. ஆறும்போது சுருங்கி நெளிகிறது. விரிவு விதியைப் புத்தகத்தில் படிக்கலாம். நெளியாமல் பற்றவைப்பதைச் செய்துதான் பழக வேண்டும். பெரம்பூர் இரயில்பெட்டித் தொழிற்சாலை 1955-இல் சுவிட்சர்லாந்தின் தொழில்நுட்ப உதவியுடன் தொடங்கியது. அதே தொழிற்சாலை 2018-இல் முதல் வந்தே பாரத் வண்டியை ஏறத்தாழ 18 மாதங்களில் தானே வடிவமைத்துச் செய்தது. சில உறுப்புகள் வெளிநாட்டிலிருந்து வந்தவை என்றாலும், அறுபதாண்டுப் பழக்கம் இன்றி இது இயன்றிருக்காது. ஆலையை மூடினால் இயந்திரங்களோடு இந்த அறிவும் போய்விடும்.

ஆலைக்கும் சேவைகள் வேண்டும். போக்குவரத்து, வங்கிக் கடன், பயிற்சி இன்றி அது இயங்காது. ஆகவே ஒன்றைவிட மற்றொன்று உயர்ந்தது என்பதல்ல நம் கருத்து. ஆனால் மேசை வேலையே படிப்புக்கு ஏற்றது என்று எண்ணும் மாணவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இரயிலுக்குச் சீட்டுப் பதியும் மென்பொருளை எழுதுபவருக்கும், அந்தப் பெட்டியைப் பற்றவைப்பவர் தேவை. தொழிற்பயிற்சி நிலையத்தில் பற்றவைப்புப் பயிலும் மாணவரும் இயற்பியலைத்தான் பயில்கிறார்.